மெட்டை நம்பிப் பிழைப்பது: ஸ்மூத் ஜாஸ் சாக்ஸ் வாசிப்பவனின் சில குறிப்புகள்

ஸ்மூத் ஜாஸ், அதாவது மெட்டுக்கு முதலிடம் கொடுக்கும் மென்மையான ஜாஸ் வகையை, சாக்ஸஃபோனில் (சுருக்கமாக சாக்ஸ்) வாசிப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், எதிரே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு விதமான பதில் வரும். இசைத்துறைக்கு வெளியே இருப்பவர் என்றால், "ஓ, கென்னி ஜி மாதிரியா?" என்பார், இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த சாக்ஸ்காரர் அவர்தான். தீவிர ஜாஸ்காரர் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார், லேசாகச் சிரிப்பார். இரண்டும் எனக்குப் பழகிவிட்டது. இரண்டிலும் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி), என்ன ரீட் (அதில் அதிரும் நாணல் தகடு), ரேடியோவில் எப்படிப் பாட்டைப் போட வைப்பது என்பவைதான். எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் அமெரிக்காவின் ஸ்மூத் ஜாஸ் மேடைகளில் முதலில் பின்வரிசையிலும் அப்புறம் என் பெயரிலும் வாசித்துச் சம்பாதித்த எனக்கு, அவற்றுக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு மெட்டை நீங்கள் வாசித்தால் அது உங்கள் குரல் என்று தெரிய வேண்டும். முதல் தடவை உங்களைக் கூப்பிடுவது அதற்காகத்தான். இரண்டாம் தடவை கூப்பிடுவது வாசிப்பைச் சுற்றியுள்ள சில்லறை வேலைகளை நீங்கள் ஒழுங்காகச் செய்தீர்களா என்பதைப் பார்த்துத்தான்.

முதலில் மெட்டு. பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகையை வாசிப்பவர் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு சோலோவுக்கு, அதாவது தன் கற்பனையில் வாசிக்கும் பகுதிக்கு, போய்விடலாம், கேட்பவர்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். எங்கள் பாட்டில் நாலு நிமிடம் இருந்தால் அதில் பெரும்பகுதி மெட்டுதான். சோலோ எட்டு பார் (தாளச் சுற்று), மிஞ்சினால் பதினாறு. ஆகவே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. நீண்டு நிற்கும் ஒரு சுரம் சுருதியிலிருந்து இம்மி விலகினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும். வேகமாக ஓடும் பதினாறு சுரங்களில் ஒன்று பிசகினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பாடல் வரிகள் உள்ள மெட்டாக இருந்தால், சாக்ஸை எடுப்பதற்கு முன் அந்த வரிகளை மனப்பாடம் செய்துவிடுவேன். இது பழைய ஜாஸ் ஆசான்கள் எல்லாரும் சொன்ன வழிதான். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் நானும் வாங்குவேன். சொல் வல்லினத்தில் தொடங்கினால் நாக்கு ரீடைத் தட்டும். உயிரெழுத்தில் தொடங்கினால் நாக்கைத் தொடாமல் வெறும் காற்றால் தொடங்குவேன். மெல்லினத்தில் முடியும் சொல்லை வெட்டி நிறுத்தமாட்டேன், தேயவிடுவேன். இவ்வளவையும் செய்தால் வார்த்தையே இல்லாத கருவியில் வார்த்தை கேட்கிற மாதிரி இருக்கும். ரசிகர் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அதைத்தான்.

1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வின் நடுவில் ஒரு டெனர் சாக்ஸ் (தாழ்ந்த குரலுள்ள வகை) வருமே, அதை வாசித்தவர் கிர்க் வேலம். மெம்ஃபிஸ்காரர், பாதிரியாரின் மகன், தேவாலய இசையில் வளர்ந்தவர். அந்த சோலோவில் கடினமான விரல் வேலை எதுவும் இல்லை. பாடகி விட்ட இடத்தில் எடுத்து, அவர் திரும்பி வரும் இடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதி எடுத்து வாசித்துப் பாருங்கள். சுரங்கள் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். அந்தக் குரல் வராது. அங்கேதான் வேலை தொடங்குகிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டெனரின் அடிச்சுரங்களில் சப்டோன் என்று ஒன்று உண்டு. ரீடைக் கவ்வும் தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, கீழுதட்டின் அழுத்தத்தைக் குறைத்தால், ஒலியின் கூர்முனை மழுங்கிக் காற்றும் சேர்ந்து கேட்கும். காதோரம் பேசுவது போன்ற அந்த ஒலிதான் மெதுவான பாட்டுகளுக்கு உயிர். சிக்கல் என்னவென்றால், தாடையை இறக்கும்போது சுருதியும் கூடவே இறங்கப் பார்க்கும். பயந்துபோய் உதட்டை இறுக்கினால் சப்டோன் போய்விடும். தொண்டையைத் திறந்து வைத்து, காற்றின் வேகம் குறையாமல் அடிவயிற்றிலிருந்து தள்ளினால்தான் நிற்கும். நான் சுருதி காட்டும் ட்யூனரை எதிரே வைத்துக்கொண்டு கீழ் டி-யிலிருந்து பி-ஃபிளாட் வரை ஒவ்வொரு சுரத்தையும் சத்தமே இல்லாத பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஏற்றி, மறுபடி பூஜ்யத்துக்கே இறக்குவேன். வைப்ரேட்டோ, அதாவது சுரத்தை அசைப்பது, கூடாது. நேராக நிற்கும் சுரம் சரியாக இருந்தால்தான் கடைசியில் சேர்க்கிற அசைவுக்கு மதிப்பு. சுருதி சரியில்லாததை மறைக்க வைப்ரேட்டோ போடுகிறவர்களை ஒலிப்பதிவாளர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதோடு ஓவர்டோன் பயிற்சி. அடி பி-ஃபிளாட்டின் விரல்களை மாற்றாமல், தொண்டையையும் நாக்கையும் மட்டும் மாற்றி அதன் மேல்சுரங்களை ஒவ்வொன்றாக எடுப்பது. கேட்பதற்கு நாராசமாக இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்துவார்கள். ஆனால் சாக்ஸில் சுரத்தை உருவாக்குவது விரல் இல்லை என்பதை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குரல் என்றதும் டேவிட் சான்போர்ன் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சிறுவனாக இருந்தபோது போலியோ தாக்கியவர். நுரையீரல் பலப்பட ஏதாவது காற்று வாத்தியம் வாசிக்கட்டும் என்று மருத்துவர் சொன்னதால் சாக்ஸ் எடுத்தவர். 1969-ல் பால் பட்டர்ஃபீல்டு குழுவில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடை, 1972-ல் ஸ்டீவி வொண்டரின் ஆல்பம், 1975-ல் டேவிட் போவியின் 'யங் அமெரிக்கன்ஸ்' என்று போனது அவர் பாதை. இரண்டு சுரம் கேட்டால் போதும், அவர்தான் என்று சொல்லிவிடலாம். விளைவு, ஆல்டோ (டெனரைவிட மேல் குரலுள்ள சாக்ஸ்) எடுத்த ஒரு தலைமுறையே அவரைப் போல அழுகிற குரலில் வாசிக்க ஆரம்பித்தது. அவர் வைத்திருந்த டுக்காஃப் உலோக மவுத்பீஸைப் பலரும் தேடிப்பிடித்து வாங்கினார்கள். அந்த மாதிரி மவுத்பீஸில் உட்புறத் தளம் ரீடுக்கு மிக அருகே உயர்ந்திருக்கும். அதனால் ஒலியில் பிரகாசம் கூடி, எலக்ட்ரிக் கிட்டாரையும் கீபோர்டையும் தாண்டி வெளியே வரும். சான்போர்னின் வாயும் காற்றும் இல்லாதவருக்கு அது வெறும் கீச்சுக்குரலாகத்தான் வரும்.

நகல் எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் கற்கிறோம். ஒருவரையே மட்டும் நகலெடுத்தால்தான் மாட்டிக்கொள்வோம். ஆல்டோ வாசிப்பவர் டெனர்காரரையும் பாடகர்களையும் நகலெடுக்கட்டும். தாளத்தை சாக்ஸ்காரர் க்ரோவர் வாஷிங்டனிடமிருந்தும், சொற்றொடரை ஒரு பாடகியிடமிருந்தும் எடுத்தால் அந்தக் கலவை யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் கதை எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். 1971-ல் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லர் ஓர் ஆல்பத்துக்கு ஆல்டோ வாசிக்க ஹாங்க் க்ராஃபோர்டை ஏற்பாடு செய்திருந்தார். அவரால் வர முடியவில்லை. பக்கவாத்தியமாக வாசித்துக்கொண்டிருந்த க்ரோவரின் கைக்குப் பழகியது டெனர், ஆனால் அன்று தேவைப்பட்டது ஆல்டோ. வாசித்தார். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' அவர் பெயரிலேயே வெளிவந்தது. நாலு வருடம் கழித்து 'மிஸ்டர் மேஜிக்', 1980-ல் 'வைன்லைட்'. இன்று ஸ்மூத் ஜாஸ் என்று நாங்கள் வாசிப்பதில் பாதி அந்த ஆல்பங்களில் போட்ட அஸ்திவாரம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அன்று ஆல்டோவில் ஓர் ஆல்பத்தையே தாங்கும் அளவுக்கு அவர் தயாராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்களில் அநேகமாக எல்லாருமே யாரோ ஒருவருக்குப் பின்னால் நின்றவர்கள். கென்னி ஜி பதினேழு வயதில் பாரி வைட்டின் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார், பிறகு ஜெஃப் லோர்பர் குழு. ரிச்சர்ட் எலியட்டும் யூஜ் க்ரூவும் டவர் ஆஃப் பவர் குழுவின் ஊதுகருவிப் பிரிவில் நின்றவர்கள். போனி ஜேம்ஸ் மோரிஸ் டேயின் குழுவில் சாக்ஸோடு கீபோர்டும் வாசித்தார். ஜெரால்டு ஆல்ப்ரைட் பாட்ரிஸ் ரஷனுக்கு பேஸ் கிட்டார் வாசித்துப் பயணம் போயிருக்கிறார். சாக்ஸ் இல்லை, பேஸ். சாக்ஸ் வாசிக்கும் கேண்டி டல்ஃபரைப் பாடகர் பிரின்ஸ் தன் மேடைக்கு அழைத்தார்.

பின்வரிசையில் நின்றால் கிடைக்கும் சம்பளம் முக்கியம்தான், ஆனால் அங்கே கற்பது அதைவிடப் பெரிது. பாடகரை மூடாமல் எப்படி நிரப்புவது, எங்கே வாயை மூடிக்கொண்டு நிற்பது, ஒரு நிகழ்ச்சி எந்த இடத்தில் தொய்கிறது, பாடகர் தொய்வை எப்படிச் சமாளிக்கிறார் என்பதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் பாடமில்லை. கூடவே இன்னொரு கருவி தெரிந்திருந்தால் கூப்பிடுவது இரட்டிப்பாகும். புல்லாங்குழல், விண்ட் சிந்தசைசர் (ஊதி வாசிக்கும் மின்னணுக் கருவி), கொஞ்சம் கீபோர்டு, பின்னணிக் குரல் ஏதாவது ஒன்று. பயணச் செலவைக் கணக்குப் பார்க்கும் மேலாளருக்கு, ஒரு டிக்கெட்டில் இரண்டு வேலை செய்பவரை எப்போதும் பிடிக்கும்.

இனி ரேடியோ. இந்த இசையை வளர்த்ததும் அதுதான், கழற்றிவிட்டதும் அதுதான். 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ராக் நிலையமாக இருந்த 94.7 எஃப்எம், 'தி வேவ்' என்ற பெயரில் இந்த மாதிரி இசைக்கு மாறியது. பின்னாலேயே பல பெரிய நகரங்களில் இப்படி ஒரு நிலையம் வந்தது. அலுவலகத்திலும் பல் மருத்துவரின் காத்திருப்பறையிலும் ஓடுவதற்கென்றே அமைந்த ஒலி. பாட்டுகளின் துண்டுகளை நேயர்களுக்குப் போட்டுக்காட்டி, பிடித்ததை மட்டும் சுழற்சியில் வைத்தார்கள். அதனால் பாட்டின் முன்னிசை முடிந்தவுடன் மெட்டு வர வேண்டும், சோலோ நீளக்கூடாது, தெரிந்த பாடலின் கவர் (மறுவாசிப்பு) என்றால் இன்னும் நல்லது என்று எழுதாத சட்டங்கள் உருவாகின. நாங்களும் அதற்கேற்ற மாதிரி வாசித்தோம். தொண்ணூறுகளில் வந்த பல ஆல்பங்களை இப்போது கேட்டால் எது யாருடையது என்றே தெரியாமல் போவதற்கு அந்தச் சட்டங்கள்தான் காரணம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

2008-ல் நியூயார்க்கின் ஸ்மூத் ஜாஸ் நிலையம் ராக்குக்கு மாறியது. 2009-ல் சிகாகோவும் சான்ஃபிரான்சிஸ்கோவும் போயின. விளம்பரச் சந்தை சரிந்தது ஒரு காரணம். நேயர்கள் தாங்களே டைரியில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் பதிலாக, உடம்பில் மாட்டிக்கொள்ளும் மின்னணு மீட்டர் வந்தது இன்னொன்று. நாள் முழுக்க இந்த நிலையத்தைத்தான் கேட்கிறேன் என்று டைரியில் எழுதியவர் உண்மையில் எவ்வளவு நேரம் கேட்டார் என்பதை மீட்டர் வேறு மாதிரிச் சொன்னது. நிலையங்கள் மூடியதும் பலர் ஊர் திரும்பினார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். நிலைத்தவர்கள் யார் என்று பார்த்தால், ரேடியோவுக்கு வெளியே தங்களுக்கென்று ரசிகர் பட்டியல் வைத்திருந்தவர்கள்தான். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் மேசை போட்டு உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, மின்னஞ்சல் முகவரி வாங்கியவர்கள். எங்கள் ரசிகர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். பிடித்துப்போனால் இருபது வருடம் கூடவே வருவார்கள், சிடி வாங்குவார்கள், அடுத்த ஊருக்கும் பயணம் செய்து வருவார்கள். 2004 முதல் முழுக் கப்பலையே வாடகைக்கு எடுத்து நடத்தும் ஸ்மூத் ஜாஸ் பயணங்கள் ஓடுவது இவர்களை நம்பித்தான். அதில் வாசிக்கப் போனால் ஒரு வாரம் ரசிகர்களோடு ஒரே கப்பலில் இருக்க வேண்டும். லிஃப்டிலும் பேசுவார்கள். அந்த ஒரு வாரமும் முகம் சுளிக்காமல் இருக்கத் தெரியாதவர் கப்பலுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

கென்னி ஜி-யைப் பற்றி ஒரு வார்த்தை. 1999-ல் அவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பழைய ஒலிப்பதிவின் மேல் தன் சாக்ஸைச் சேர்த்து வெளியிட்டதும், கிட்டார் கலைஞர் பாட் மெத்தீனி 2000-ல் அதைக் கடுமையாகச் சாடியதும் எங்கள் வட்டாரத்தில் இன்றும் பேசப்படும் சண்டை. அந்த விஷயத்தில் நான் மெத்தீனி பக்கம். ஆனால் 1992-ல் வந்த 'பிரெத்லெஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.2 கோடி பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்று வாங்கியிருக்கிறது என்பதையும், அவர் கையில் கிடைக்கும் சோப்ரானோ (ஆல்டோவையும்விட மேல் குரலுள்ள சாக்ஸ்) சுருதி அத்தனை எளிதில் யாருக்கும் வராது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. சோப்ரானோவின் மேல் சுரங்கள் உதட்டை இறுக்கினாலே ஏறிவிடும். நேராக நிறுத்துவது பெரும்பாடு. மற்றபடி, 1997-ல் அவர் வட்ட மூச்சில் (கன்னத்துக் காற்றை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்கும் முறை) ஒரே சுரத்தை 45 நிமிடம் 47 நொடி பிடித்து கின்னஸ் சாதனை செய்தாரே, அதைப் பார்த்துவிட்டு வட்ட மூச்சில் மூழ்கிப்போகும் பையன்களுக்கு மட்டும் சொல்வேன்: மெட்டுக்கு மூச்சு இடைவெளி தேவை, கேட்பவரும் அங்கேதான் மூச்சு விடுகிறார்.

மேடைக்கு வருகிறேன், இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்மூத் ஜாஸ் விழாக்களில் ஒவ்வொரு கலைஞரும் சொந்தக் குழுவோடு வருவதில்லை. விழாவே ஒரு ஹவுஸ் பேண்டை ஏற்பாடு செய்திருக்கும். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, கிட்டார். அதே நாலைந்து பேர் ஒரே நாளில் மூன்று நான்கு கலைஞர்களுக்கு வாசிப்பார்கள். உங்கள் சார்ட்டையும் (பாட்டின் இசைக்குறிப்புத் தாள்) ஒலிப்பதிவையும் சில வாரம் முன்பே அனுப்ப வேண்டும். ஒத்திகை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. நிகழ்ச்சிக்கு முன் மேடை ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்தான் ஒத்திகை.

அதனால் சார்ட்டில் வாங்கும் பெயர் சாதாரணமானதில்லை. கச்சேரி சுருதியில், அதாவது கீபோர்டில் உள்ள சுரப் பெயர்களில், எழுதுங்கள். டெனர்காரருக்கு டி என்பது கீபோர்டுக்கு சி, ஆல்டோகாரருக்கு ஏ என்பதும் கீபோர்டுக்கு சி. அந்தக் கணக்கை நீங்கள் வீட்டிலேயே போட்டுவிட வேண்டும், அவர்கள் தலையில் கட்டக்கூடாது. ஒலிப்பதிவில் ஃபேட் அவுட் ஆகும் பாட்டுக்கு மேடையில் முடிவு எப்படி என்று சார்ட்டில் இருக்க வேண்டும். எங்கள் பாட்டுகளில் பாதி தேய்ந்துதான் முடியும், மேடையில் அப்படி முடிக்க முடியாது. சோலோ எத்தனை சுற்று என்று தெரியாவிட்டால், 'சைகை வரும்வரை' என்று எழுதி, சைகை என்ன என்பதையும் எழுதுங்கள். சவுண்ட் செக்கில் கிடைக்கும் அரைமணியில் முழுப் பாட்டையும் வாசிக்காதீர்கள். ஆரம்பம், திருப்பம், முடிவு, அடுத்த பாட்டுக்குப் போகும் வழி, இவற்றை மட்டும் பாருங்கள். நடுவில் இருப்பதை அவர்கள் உங்களைவிட நன்றாகவே வாசிப்பார்கள்.

பின்னணி டிராக் வைத்து வாசிப்பதாக இருந்தால், ஒரு சேனலில் தாளம் காட்டும் கிளிக்கும் எண்ணிக்கையும், மறு சேனலில் இசையும் வருமாறு செய்து கொடுப்பது எளிய ஏற்பாடு. கிளிக் டிரம்மரின் காதுக்கு மட்டும் போகும். ஒரே கோப்பை இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

சாக்ஸில் வயர்லெஸ் மைக்கை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி நடப்பது எங்கள் துறையின் அடையாளம். ரசிகர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஆனால் அதில் ஒரு பௌதிகக் கண்ணி இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடை ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால், குழு வாசிப்பது உங்களுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு தாமதமாகக் கேட்கும். நீங்கள் அதோடு சேர்ந்து வாசிப்பீர்கள். உங்கள் மைக்கோ வயர்லெஸ், ஒலியை உடனே மேடைக்கு அனுப்பிவிடும். ஆக மேடையில் இருப்பவர்களுக்கு நீங்கள் பின்தங்கி வாசிக்கிறீர்கள். அவர்கள் உங்களுக்காகக் காத்திருந்தால் மொத்தப் பாட்டும் தொய்ந்துவிடும். காதுக்குள் போடும் வயர்லெஸ் மானிட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் காதை நம்பாமல் டிரம்மரின் கையைப் பார்த்து வாசியுங்கள். தூரம் போனதும் சிக்கலான தாளம் எதையும் வாசிக்காமல், நீண்ட சுரங்களை வாசிப்பது இன்னும் பாதுகாப்பு. அதுதான் கூட்டத்துக்கும் பிடிக்கும்.

திறந்தவெளி மேடை என்றால் வெயிலும் விளையாடும். கருவி சூடாகும்போது சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். கீபோர்டு நகராது, நீங்கள்தான் மவுத்பீஸைத் தக்கையில் வெளியே இழுத்தோ உள்ளே தள்ளியோ சரிசெய்ய வேண்டும். வெயிலில் ஸ்டாண்டில் நிற்கும் சாக்ஸின் ரீட் காய்ந்து அலை அலையாக வளைந்துவிடும். மேடையேறும்வரை மவுத்பீஸுக்கு மூடி போட்டு வையுங்கள், வாசித்துப் பழகிய ரீட்கள் குறைந்தது நாலைந்து பையில் இருக்கட்டும். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த ரீடோடு மேடையேறுவது எனக்கு ஒத்துவராது.

காதையும் கவனியுங்கள். டிரம்மரின் சிம்பலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நிற்கும் தொழில் இது. இசைக்கலைஞர்களுக்கென்று அளவெடுத்துச் செய்யும் வடிகட்டி வைத்த காதடைப்பான் கிடைக்கிறது, சத்தத்தைக் குறைக்கும், சுரத்தை மாற்றாது.

பணத்துக்கு வருவோம். இதில் பலருக்குத் தெளிவில்லை. அமெரிக்காவில் சாதாரண எஃப்எம் நிலையம் உங்கள் பாட்டைப் போட்டால், பாட்டை இயற்றியவருக்கும் அதன் பப்ளிஷருக்கும்தான் பணம், ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வழியாக வரும். வாசித்தவருக்கு ஒரு காசும் கிடையாது. வேறொருவரின் புகழ்பெற்ற பாட்டை நீங்கள் கவராக வாசித்து அது ரேடியோவில் முதலிடத்துக்கே வந்தாலும், அந்த ஒலிபரப்பின் பணம் அந்த வேறொருவருக்குத்தான். சாட்டிலைட் ரேடியோவிலும் இணைய ரேடியோவிலும் வழி வேறு. அங்கே சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, 50 சதவீதத்தை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைப் பின்னணியில் வாசித்தவர்களுக்கான நிதிக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நீங்களே சொந்தமாக வெளியிட்டால் முதல் இரண்டும் உங்களுடையதே. ஆனால் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும், தானாக வராது.

கவர் பாட்டை சிடியில் போட்டால் இயற்றியவருக்கு நீங்கள் கட்டவும் வேண்டும். சட்டப்படியான தொகை 2006 முதல் 2022 வரை ஒரு பிரதிக்கு 9.1 சென்ட். 2023-ல் ஐந்து நிமிடத்துக்குள் உள்ள பாட்டுக்கு 12 சென்ட் ஆனது, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. 2023 கணக்கிலேயே ஆயிரம் பிரதி என்றால் 120 டாலர், ஒரே ஒரு பாட்டுக்கு. இதற்காகக் கவரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாத ஊரில் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பது கவர்தான். ஓர் ஆல்பத்தில் ஒன்றோ இரண்டோ போதும், மிச்சம் உங்களுடையதாக இருக்கட்டும்.

சொந்தப் பாட்டு என்றாலும் தனியாக எழுதுவது இந்தத் துறையில் அபூர்வம். தயாரிப்பாளர் தாளமும் ஸ்வரக்கட்டும் அமைத்த டிராக் அனுப்புவார், நீங்கள் அதன் மேல் மெட்டு எழுதுவீர்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாட்டு ஓடாதபோது எல்லாரும் தாராள மனசுக்காரர்கள், ஓடிய பிறகு பேசினால் நட்பு போய்விடும். லேபிள் ஒப்பந்தம் வந்தால் முதலில் தேடவேண்டியது மாஸ்டர் (மூல ஒலிப்பதிவின் உரிமை) யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்ற வரியை. முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்று என் வருமானத்தில் ஒரு நல்ல பங்கு வீட்டிலிருந்தே வருகிறது. எங்கேயோ இருக்கும் ஒரு கிட்டார்காரரோ பாடகியோ டிராக் அனுப்புவார், நான் சாக்ஸ் பதிவுசெய்து திருப்பி அனுப்புவேன். இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. கனமான திரைச்சீலை போட்ட அறை, ஒரு நல்ல மைக், அவ்வளவுதான். மைக்கை சாக்ஸின் வாய்க்குள் நீட்டாதீர்கள். ஒலி எல்லாத் துளைகளிலிருந்தும் வருகிறது, அரை மீட்டர் தள்ளி கருவியின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்தால் மேல் சுரமும் கீழ் சுரமும் சமமாக வரும். எதிரொலி எதையும் சேர்க்காமல் காய்ந்த ஒலியாகவே அனுப்புங்கள், அது கலவை செய்பவரின் வேலை. பாட்டின் நடுவில் எட்டு பார்தான் வாசித்திருந்தாலும் கோப்பு முதல் நொடியிலிருந்து தொடங்கட்டும், அவர் இழுத்துப் போட்டவுடன் இடம் சரியாக உட்கார வேண்டும். கேட்டபடி அடக்கமாக ஒன்று, உங்கள் இஷ்டப்படி ஒன்று என்று இரண்டு டேக் அனுப்புவது என் வழக்கம். பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கோப்பின் பெயரில் பாட்டு, டெம்போ, சுருதி, உங்கள் பெயர் நான்கும் இருக்கட்டும். 'ஃபைனல் 2 புதுசு' என்று பெயர் வைத்த கோப்பை ஒரு தயாரிப்பாளர் திறந்து பார்க்க மூன்று நாள் ஆகும்.